மெர்க்கூர் 34சி: நான்கு வருடம், 640 பிளேடு, ஒரு சொம்பு கேன் தண்ணீர்

மச்சான் மகனுக்கு வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மாமா, நானும் சேஃப்டி ரேசருக்கு மாறலாம்னு இருக்கேன். நிறைய காசு மிச்சமாகும்னு நீங்க சொன்னீங்களாம், அப்பா சொன்னார். எது வாங்கலாம்?"

சொன்னேன்தான். சேஃப்டி ரேசர் என்றால் ஒற்றை பிளேடை மாட்டித் திருகும் அந்தக் காலத்து ரேசர். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், இலை போடும் முன்பே கணக்குப் போட்டுச் சொன்னேன். இப்போதைய ரேசர்களில் மாட்டும் பல பிளேடுத் தலை, அதாவது கார்ட்ரிட்ஜ், ஒன்று 200 ரூபாய், மாதம் இரண்டு, வருடத்துக்கு 4,800. பழைய மாதிரி பிளேடு மூன்று ரூபாய். ஒன்றில் நான்கு ஷேவ் வரும். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வருடத்துக்கு 65 பிளேடு, இருநூறு ரூபாயோடு முடிந்தது. அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான்.

பையனுக்குப் பதில் எழுதுமுன் பாத்ரூம் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ரேசர் நான்கு. பிரஷ் மூன்று. சோப்பு ஒன்பது, அதில் இரண்டு பிரிக்கவே இல்லை. பழைய ஆர்டர்களைத் தேடிக் கூட்டியதில் 41,350 ரூபாய். வருடத்துக்கு 4,600 மிச்சம் என்று நான்கு வருடத்துக்குக் கணக்கு வைத்தாலும் செலவில் பாதிகூடத் தேறவில்லை. பிளேடு மட்டும் 640 கிடக்கிறது. எனக்கு வயது 47, இனி 57 வரை கடைப் பக்கமே போக வேண்டாம். கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் தன் ரேசரை விற்க ஆரம்பித்தபோது, முதல் வருட வியாபாரமே 51 ரேசர், 168 பிளேடுதான். அந்த மனிதர் ஒரு வருடம் விற்றதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு என் வீட்டுத் துண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

சரி, ரேசருக்கு வருகிறேன். அந்த நான்கில் ஒன்றான மெர்க்கூர் 34சி-யைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜெர்மனியில் ஸோலிங்கனில் செய்தது. எண்பது கிராம்கூட இல்லை, ஆனால் எடை முழுக்கத் தலைப்பக்கம் நிற்பதால் கை அழுத்தவே வேண்டாம். கைப்பிடி குட்டை. முதலில் பார்த்தபோது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது, இரண்டே வாரத்தில் நீளக் கைப்பிடிகள் துடைப்பக்கட்டையாகத் தெரிய ஆரம்பித்தன. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு சுழி உண்டு, முடி பக்கவாட்டில் முளைக்கும். கார்ட்ரிட்ஜ் போட்ட காலத்தில் அங்கே எப்போதும் சிவந்து பொரிப்பொரியாக இருக்கும். இந்த ரேசரில் ஆஸ்ட்ரா பிளேடு போட்டு, முடி வளரும் திசையிலேயே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. அவ்வளவுதான், பொரி போன இடம் தெரியவில்லை. ஃபெதர் பிளேடு இதைவிடக் கூர்மை. திங்கட்கிழமை காலை அவசரத்தில் மட்டும் அதைத் தொடக்கூடாது.

என் எரிச்சல் தண்ணீர். மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குப் போர் தண்ணீர்தான். கல் உப்பு கரைத்தது மாதிரி இருக்கும், குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். 1,400 ரூபாய் சோப்பில் பிரஷைச் சுற்றினால் பொங்கி வழியும் என்று காத்திருப்பேன். கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் தயிர் திரிந்த மாதிரி ஒன்று நிற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கசடாக்கிவிடுகின்றன, நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இதைப் புரிந்துகொள்வதற்குள் ஐந்து சோப்பு வாங்கிவிட்டேன், ஒவ்வொன்றும் முந்தைய சோப்பின் மேல் பழியைப் போட்டு. கடைசியில் ஒரு நாள் குடிக்கிற கேன் தண்ணீரைச் சொம்பில் பிடித்துச் சூடாக்கி எடுத்துப் போனேன். அடடா, அந்த நுரை! ஆடை கட்டிய பால் மாதிரி. அன்று முகத்தில் பூசியதை வழிக்க மனமில்லாமல் கண்ணாடி முன்னால் நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரு சொம்பு. வீட்டுக்காரி முதல் நாள் பார்த்துவிட்டு, "குடிக்க வாங்குற தண்ணியில தாடிக்கு அபிஷேகமா?" என்றாள். மகள் அதற்கு அபிஷேகத் தீர்த்தம் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அதே படிவுதான் என்னிடம் இருந்த இன்னொரு ரேசரையும், 7,900 ரூபாய் ரேசர், காவு வாங்கியது. திருகில் வெள்ளை ஏறிவிட்டதே என்று வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் குரோம் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. உள்ளே துத்தநாகக் கலவை, எங்கேயோ பூச்சில் ஒரு கீறல் இருந்திருக்கும், அந்த வழியாகப் புளிப்பு உள்ளே போய்விட்டது. கம்பெனிக்கு எழுதினேன், பயன்படுத்தியவர் தவறு என்று ஒரே வரியில் பதில் வந்தது. தவறு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இவ்வளவு விலைக்கு விற்கிறவன் உள்ளே துத்தநாகம்தான் என்று பெட்டியில் பெரிதாக எழுதக்கூடாதா? நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: 34சி-க்கும் உள்ளே அதே ரகம்தான். அது தப்பியது நான் ஊறப்போடாததால்.

இத்தனையிலும் தினமும் தவறாமல் கை போவது எதற்குத் தெரியுமா? நாட்டு மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கிய படிகாரத்துக்கு. அதற்கு முன்னால் வெளிநாட்டுப் படிகாரக் கட்டி ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், வழுவழுவென்று மரப்பெட்டியில் வந்தது. இரண்டும் ஒரே பொட்டாஷ் படிகாரம். மரப்பெட்டியில் இப்போது மகள் ஹேர்பின் வைத்திருக்கிறாள்.

பணம் போனது அவ்வளவாக உறுத்தவில்லை. இதைவிடக் கண்டபடி செலவு செய்கிறவர்களை அலுவலகத்திலேயே காட்டுவேன். ஆனால் ஒவ்வொரு பார்சலையும் அலுவலக விலாசத்துக்கு வரவழைத்து, டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன் பாருங்கள், அது உறுத்துகிறது. எல்லாம் மிச்சம் பிடிக்கத்தான் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன். 34சி 4,200 ரூபாய். வீட்டுக்காரி விலை கேட்டபோது நானூறு என்றேன்.

பையனுக்கு நேற்று ராத்திரி பதில் எழுதினேன். 34சி-யைவிட நல்ல ரேசரை நான் தொட்டதில்லை, நீ வாங்காதே. உள்ளூர் ரேசர் 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது, போதும். பிளேடு நான் தருகிறேன், கணக்கில்லாமல் தருகிறேன். இதையே வீட்டுக்காரிக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினேன், கொஞ்சம் பெருமையாக.

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நம்ம பையன்தானே, எதுக்குப் புதுசா ஒண்ணு? உங்ககிட்ட அந்த நானூறு ரூபா ரேசர் இருக்குல்ல, அதையே குடுத்துடுங்க."

முகத்தைப் பார்த்தேன். தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. இன்று காலை அதில் கடைசியாக ஒரு ஷேவ் செய்து, கேன் தண்ணீரிலேயே கழுவித் துடைத்து, நூறு பிளேடோடு பெட்டியில் வைத்தேன். வினிகரில் போடாதே என்று சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன். கூரியர்காரர் நாளை வருவார், இந்த முறை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.