குரோனோகிராஃப் வாட்சை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மெக்கானிக்கல் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த சாவி வாட்ச், வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முழு சர்வீஸ் என்று ரசீது போட்டு, அதற்கான முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, உள்ளே ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் என் வாட்சைத் திருப்பிக் கொடுத்தார்கள். மேலே மட்டும் பளபளவென்று தேய்த்துவிட்டிருந்தார்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் வாட்சில் இருப்பது வால்ஷூ 7750. 1970-களில் வந்த இயந்திரம். இன்றும் ஏராளமான குரோனோகிராஃப்களுக்குள் ஓடுவது இதுதான், அதனால் உங்களில் பலரிடமும் இதுவே இருக்கும். தானாகச் சாவி ஏறும் வகை, மணிக்கு 28,800 துடிப்பு. ஒன்பது மணிப் பக்கம் ஓயாமல் ஓடும் சின்ன நொடி முள், பன்னிரண்டு பக்கம் 30 நிமிடக் கணக்கு, ஆறு பக்கம் 12 மணி நேரக் கணக்கு. நடுவில் உள்ள நீளமான நொடி முள், மேல் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். நிறுத்திவிட்டுக் கீழ் பட்டனை அமுக்கினால் பூஜ்யத்துக்குத் திரும்பும்.

வாட்சில் இரண்டு குறைகள். நடு நொடி முள் பூஜ்யத்துக்கு வரும்போது பன்னிரண்டைத் துளி தாண்டி நின்றது. கூடவே, வாட்ச் நாளுக்கு நாள் பின்தங்கிக்கொண்டும் இருந்தது. கடைசி சர்வீஸ் நடந்தும் பல வருடங்கள் ஆகியிருந்ததால், எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து புது எண்ணெய் போடச் சொல்லிக் கொடுத்தேன். பாலிஷ் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் கண்ணில் பட்டது கேஸின், அதாவது வெளிக்கூட்டின், பளபளப்புதான். ஸ்டிராப் கோர்க்கும் காதுகளின் மேல்பக்கம் முன்பு கோடு கோடாக மங்கலாக இருக்கும், ஓரத்தில் கூர்மையான ஒரு விளிம்பு இறங்கும். இப்போது விளிம்பைக் காணோம். எல்லாம் சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல் உருண்டு போயிருந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள டேக்கிமீட்டர் (வேகம் கணக்கிடும் அளவுகோல்) வளையத்தில் செதுக்கிய எண்களில் இருந்த கறுப்பும் ஆங்காங்கே போய்விட்டது. "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கோம் சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். பாலிஷ் என்றால் உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. போன உலோகம் போனதுதான். லேசர் வெல்டிங் செய்து திரும்ப ஏற்றி வடிவம் கொடுக்கிறவர்கள் மிகச் சிலர், அது பெரிய வேலை. பழைய வாட்சாக இருந்தால் அதன் மதிப்பே இதில் குறைந்துவிடும். கேட்காமல் பாலிஷ் போடுவதை நான் சேவையாகப் பார்க்கவில்லை. சேதம் என்றுதான் சொல்வேன்.

அவர்கள் கையோடு ஒரு சீட்டும் கொடுத்தார்கள். டைம்கிராஃபர் என்ற கருவியில் வைத்து எடுத்தது. ஒரு நாளைக்கு 3 நொடி முந்துகிறது என்று இருந்தது. பார்த்தால் அருமையான எண். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவின் முக்கியமான சங்கதி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் கம்பியை ஒரு முடி அளவு நகர்த்தினால், காய்ந்த எண்ணெயோடு தடுமாறும் இயந்திரத்தையும் கொஞ்ச நேரத்துக்கு 3 நொடிக் கணக்கில் ஓட வைக்கலாம். இயந்திரம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதைச் சொல்வது ஆம்ப்ளிட்யூட். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம், ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுநிலையிலிருந்து எத்தனை பாகை வரை சுழல்கிறது என்ற அளவு அது. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்கும்படி வைத்தால், நல்ல சர்வீஸ் முடிந்த வாட்ச் பொதுவாக 270-லிருந்து 310 பாகைக்குள் நிற்க வேண்டும்.

என் சீட்டில் 262 என்று இருந்தது. கொஞ்சம் குறைவு, பரவாயில்லை என்று தோன்றும். அதே சீட்டின் ஓரத்தில் லிஃப்ட் ஆங்கிள் 52 என்று அச்சாகியிருந்தது. ஆம்ப்ளிட்யூடைக் கணக்கிட, இயந்திரத்துக்கு ஏற்றபடி கருவியில் நாம் வைக்க வேண்டிய கோண அளவு இது. கருவியை வாங்கும்போதே அதில் இருக்கும் பொதுவான எண் அது. 7750-க்கு வைக்க வேண்டியது 49. இந்த எண்ணைக் கூட்டி வைத்தால் ஆம்ப்ளிட்யூடும் கூடுதலாகக் காட்டும். கணக்குப் போட்டால் உண்மையான அளவு 247-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. அதுவும் முழுச் சாவியில், குரோனோகிராஃப் ஓடாத நிலையில், ஒரே ஒரு வாக்கில் வைத்து எடுத்த அளவு. வாட்சைச் செங்குத்தாக நிறுத்தினால் இது இன்னும் இறங்கும். குரோனோகிராஃபை ஓட விட்டால் அதற்கு மேலும் இறங்கும்.

அப்படித்தான் ஆனது. குரோனோகிராஃபை ஓட விட்டு இரவில் கழற்றி வைத்தால் காலையில் வாட்ச் நின்றிருக்கும். ஓட விடாமல் இருந்தால் நிற்காது. நடு நொடி முள்ளும் முதலில் சரியாகப் பன்னிரண்டில் வந்து நின்றது, சீக்கிரமே பழையபடி விலகத் தொடங்கியது, முன்பைவிட அதிகமாகவே. அப்புறம் ஒரு நாள் கை கழுவிவிட்டுப் பார்த்தால் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருக்கிறது.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது கிடைத்த பதில்: "இப்படி அடிக்கடி பட்டனை அமுக்கினா எப்படி சார் தாங்கும்? அதெல்லாம் அழகுக்குத்தான்." இதைக் கேட்டு எத்தனை பேர் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தால் கோபம் வருகிறது. பட்டன் அமுக்குவதற்காகத்தான் இருக்கிறது. சாதாரணக் குரோனோகிராஃபில் செய்யக் கூடாதது, முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ் பட்டனை அழுத்தி பூஜ்யத்துக்குத் தள்ள முயல்வது. அப்படிச் செய்யவே வடிவமைத்த ஃப்ளைபேக் என்ற வகையில் மட்டும் அதைச் செய்யலாம். தண்ணீருக்குள் பட்டனை அமுக்கக் கூடாது. இரவு எட்டு மணியிலிருந்து பின்னிரவு மூன்று மணி வரை, பக்கத்தில் உள்ள சாவித் திருகால் தேதியை வேகமாக மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும். இவற்றை மீறினால் குறை நம் பக்கம். நிறுத்திவிட்டு பூஜ்யத்துக்குத் தள்ளுவதை எத்தனை முறை செய்தாலும் அதற்கென்று செய்த இயந்திரம் தாங்கும்.

வேறொரு வாட்ச்மேக்கரிடம் போனேன். பின்மூடியைத் திறப்பதற்கு முன்பே, திறப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவர். பெரிய உபகாரம் அது. உள்ளே, சக்கர அச்சுகளைத் தாங்கும் ரூபி (மாணிக்க) கற்களின் மேலே புது எண்ணெய் சொட்டுச் சொட்டாக வழிந்திருந்தது. கீழே பழைய எண்ணெய் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. கழற்றாமல் மேலிருந்தே எண்ணெய் விட்டால்தான் இப்படி இருக்கும் என்று லென்ஸில் காட்டினார். வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் இருக்கும் டப்பாவைத் திறந்தபோது கிரீஸ் கறுத்துப் போயிருந்தது. 7750-ல் மணி நேரக் கணக்குக்கான பாகங்கள் டயலுக்கு அடியில் இருக்கின்றன. டயலைக் கழற்றாமல் முழு சர்வீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பக்கம் ஒட்டுமொத்தமாகக் காய்ந்து கிடந்தது. பின்மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகி விறைத்திருந்தது, பனி படர்ந்ததற்குக் காரணம் அதுதான். புது வளையம் என்று ரசீதில் தனியாகவே பணம் வாங்கியிருந்தார்கள்.

நொடி முள்ளுக்குச் செய்தது இன்னும் மோசம். கீழ் பட்டனை அமுக்கும்போது உள்ளே ஒரு சுத்தியல் வந்து இதய வடிவத் தகட்டை அடிக்கிறது, முள் ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு வருகிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்கு முள் அச்சில் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். என் வாட்சில் முள்ளின் அடிக்குழாய் தளர்ந்திருந்ததுதான் மூலக் காரணம். அதை இறுக்காமல், முள்ளைப் பிடுங்கி, பன்னிரண்டுக்கு நேராக வைத்து அழுத்தியிருக்கிறார்கள். பிடுங்கியதில் குழாய் இன்னும் தளர்ந்தது, டயலின் நடுவில் கீறலும் விழுந்தது. கொடுப்பதற்கு முன் நான் எடுத்து வைத்திருந்த படங்களில் அந்தக் கீறல் இல்லை.

இரண்டாமவர் முழுவதும் பிரித்து வேலை செய்தார். பிரித்த பாகங்களைத் தட்டில் வைத்துப் படம் அனுப்பினார், மாற்றிய பழைய பாகங்களைச் சின்ன உறையில் போட்டுக் கையில் கொடுத்தார். டயல் மேலே, டயல் கீழே, செங்குத்தாக நிறுத்திச் சாவித் திருகு மூன்று திசைகளில் இருக்கும்படி என்று ஐந்து நிலைகளில் அளவு. குரோனோகிராஃப் ஓடும்போது தனி அளவு, ஒரு நாள் கழித்து மறுபடி ஓர் அளவு. லிஃப்ட் ஆங்கிள் 49. ஆம்ப்ளிட்யூட் 290-ஐத் தொட்டது. தண்ணீர்ச் சோதனையின் முடிவும் தனிச் சீட்டில் வந்தது. நேர்மையாக வேலை செய்பவருக்கு இவற்றைக் காட்டுவதில் ஒரு தயக்கமும் இல்லை. அதனால் வாட்சைக் கொடுக்கும்போதே இவை எல்லாம் வேண்டும் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வாட்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால், உடனே முழு சர்வீஸுக்குச் சம்மதிக்க வேண்டாம். ஸ்பீக்கர், டேப்லெட் உறையில் உள்ள காந்தம் இவற்றின் பக்கத்தில் வைத்ததால் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலை. முதலில் அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் கடைக்கு வீடியோ, படங்கள், இரண்டாமவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் அனுப்பினேன். வேறு ஆள் திறந்துவிட்டதால் வாரன்ட்டி செல்லாது என்று பதில் வந்தது. இப்போது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பணத்தைத் திரும்பக் கேட்காமல் விடப் போவதில்லை. உங்கள் வாட்ச் இந்த நேரத்தில் யாரிடமாவது சர்வீஸில் இருந்தால், இன்றே கூப்பிட்டு "கேஸுக்கு பாலிஷ் வேண்டாம்" என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் பணம் செலவழித்துச் சரி செய்துவிட்டேன், அந்த விளிம்புகளை மட்டும் முடியவில்லை.