பெருமாள்புரத்துல இருக்க என் வீட்ட வாடகைக்கு விட்டு பாத்துக்கிடுத சர்வீஸ், என் ரிவ்யூ

லோக்கல் ஆளுங்கதான், பேரு வேண்டாம். ஆள் பிடிக்கதுல கெட்டி, வீடு காலியா கெடக்கவே விடல, வாடகையும் கரெக்டா அக்கவுண்ட்ல ஏறிடும். ரிப்பேருன்னா மட்டும் சவ்வா இழுக்காவ, மோட்டார்ல வாஷர் போயி டேங்க்ல தண்ணி ஏறல, குடியிருக்க அக்கா எனக்கே போன் போட்டு ஏசுதாவ, கடைசில பில்லு பாத்தா வாஷர விட கூலி நாலு மடங்கு! அக்ரிமெண்ட் சுத்தமா போடுதாவ. நான் பத்து மாச அட்வான்ஸ் கேட்டேன், 2017 வாடகை சட்டப்படி தனியா ஒப்பந்தம் இல்லன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னு அவியளே சொன்னாவ. வெளியூர்ல இருக்கவியளுக்கு சரிப்படும், ஊர்ல இருந்தா கமிஷன் தண்டம். கைல நிக்க வருமானம் கணக்கு போடும்போது கமிஷன், வெள்ளையடிக்க செலவு எல்லாம் கழிச்சு பாருங்க, இன்கம்டாக்ஸ்ல கட்டின வீட்டு வரி போக மிச்சத்துல 30 சதவீதம் கழிவு உண்டு, அத விட்டுராதீய.