பழைய சிமெண்ட் ஜாலி முகப்பு: ஒட்டுப் போடலாமா, புதிதாய் வார்க்கலாமா, தகட்டால் மூடலாமா?

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து சங்கர்நகரில் 1949-இல் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. அதற்கடுத்த முப்பது ஆண்டுகளில் பாளையங்கோட்டைப் பக்கம் எழுந்த வீடுகளிலும் பள்ளிகளிலும் அச்சில் வார்த்த ஜாலிகளை, அதாவது காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி விட்ட சிமெண்ட் பின்னல்களை, இன்னும் பார்க்கலாம். இதில் என்ன மரபு இருக்கிறது என்று கேட்பவர்கள் லெ ஆவ்ரைப் பார்க்க வேண்டும். உலகப்போரில் தரைமட்டமான அந்தப் பிரெஞ்சு நகரை கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெரே கான்கிரீட்டிலேயே எழுப்பினார், முன்கூட்டியே அச்சில் வார்த்த துண்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்தி. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

எதைச் செய்வதற்கும் முன் சோதனை. சிறு சுத்தியலால் தட்டினால் ஜாலியின் நல்ல சட்டம் கணீரென்கும், உள்ளே பிரிந்தது பொத்தென்கும். புதிதாய் உடைத்த முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால் இளஞ்சிவப்பு ஏற வேண்டும். ஏறாவிட்டால் கரியமில வாயு புகுந்து காரத்தன்மை போய்விட்டது, உள்ளிருக்கும் கம்பிக்குக் காப்பில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். சட்டம் பிளப்பது அதனால்தான்.

ஒட்டுப் போட்டால் அசல் நிற்கும். வெடித்ததைக் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் 20 மி.மீ. திறந்து, பளபளக்கத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பாலிமர் சாந்தை இரண்டு தடவையாக நிரப்ப வேண்டும். முகப்பின் தடித்த செங்குத்துக் கான்கிரீட் பலகைகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஜாலிச் சட்டமோ மொத்தமே ஒன்றரை இஞ்ச். கம்பிக்குப் பின்னால் அவ்வளவு திறந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. உவரி, கூடங்குளம் கடற்கரையில் இன்னொரு தொல்லை: உப்பேறிய பழைய கான்கிரீட்டில் ஒட்டின் ஓரத்தை அடுத்தே புதுத் துரு கிளம்பும்.

அங்கெல்லாம் மறுவார்ப்புதான். முனை மழுங்காத ஒரு துண்டிலிருந்து சிலிகான் ரப்பர் அச்சு எடுக்கலாம். சிமெண்ட் 1, மணல் 2, கால் இஞ்ச் சிப்ஸ் (சிறு ஜல்லி) 2. 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 22 லிட்டரைத் தாண்டக் கூடாது. மெல்லிய மூலைகளில் இறங்கவில்லையே என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் வழக்கமான தவறு; தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேருங்கள், அச்சைத் தட்டி அதிரவிடுங்கள். ஓரடித் துண்டு தன் எடையை மட்டுமே தாங்குகிறது. ஆகவே சாதாரணக் கம்பி வேண்டாம், 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போதும். பத்து நாள் ஈரச்சாக்கு. நிறம்தான் சிரமம்: ஆற்றுமணலில் வார்த்த பழசுக்குப் பக்கத்தில் எம்-சாண்ட் சாம்பல் நிறமாய்த் தனியே தெரியும். மாதிரித் துண்டுகளை நன்றாகக் காயவிட்டு ஒப்பிட்ட பிறகே மொத்தமாக வார்க்க வேண்டும்.

ஏ.சி.பி. (இரு அலுமினிய ஏட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த) தகட்டால் மூடினால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான் அதன் நன்மை. ஆங்கருக்குத் துளை போடும்போதே சட்டங்கள் விரிசல் விடும், மூடிய பின் துரு கண்ணில் படாமல் வளரும், கோடைக்காற்று உள்ளே வராது. அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இடித்தே ஆகவேண்டிய கட்டடமானாலும், ஒவ்வொரு வடிவத்திலும் இரண்டு துண்டுகளை முழுதாய் எடுத்து வையுங்கள். உளியை வைத்து அடிக்காமல், சுற்றியுள்ள சாந்து இணைப்பைக் கட்டரின் மெல்லிய பிளேடால் அறுத்தால் உடையாமல் வரும்.