க்ஷீரபலா தைலம்: தூக்கம் வந்தது, படுக்கை விரிப்பு போனது

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, பிறகு மனம் பழைய சண்டைகளுக்கெல்லாம் புதுப் பதில் தேடிக்கொண்டே கிடக்கும் நோய் எனக்கு உண்டு. அதே நோய் உள்ள தோழி ஒருத்தி, க்ஷீரபலா தைலம் என்னும் ஆயுர்வேத எண்ணெய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாள். ஆண்டுக்கணக்கில் தேய்த்துவருகிறேன் என்பதால் சொல்கிறேன்.

நல்லெண்ணெய், பால், குறுந்தோட்டி வேர். இவ்வளவுதான் சரக்கு. இதையே நூற்றொரு முறை திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது 101 ஆவர்த்தி. பத்து மில்லி புட்டியில் வரும் அந்தச் சொட்டு மருந்து வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாதது. நான் பேசுவது வெளியே பூசும் சாதாரணத் தைலத்தை.

தலையில் வைத்தால் எனக்குச் சளி பிடிக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் தினசரி எண்ணெய் தேய்ப்பின் பயன்களில் தூக்கத்தைச் சேர்த்துவிட்டு, கபம் மிகுந்தவர்களையும் செரிமானம் கெட்டவர்களையும் விலக்கியும் வைக்கிறது. தலை, காது, பாதம் மூன்றையும் அது சிறப்பாகச் சொல்வதால், நான் பாதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பாதத்தில்தான் எதிர்பாராத லாபம். வெதுவெதுப்பாக்கிய தைலத்தை உள்ளங்காலில் அழுத்தித் தேய்த்த பிறகு, கைபேசியை எடுக்க முடியாது. விரல் வழுக்கும், திரை மங்கும். எழுந்து நடக்கவும் முடியாது. தரையில் கால் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. வேறு வழியின்றிப் படுக்கிறேன், தூங்குகிறேன். மூன்று மணி விழிப்பு அரிதாகிவிட்டது. இதில் வேருக்கு எவ்வளவு பங்கு, கைபேசி இல்லாமைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெறும் நல்லெண்ணெய் தேய்த்த இரவுகளும் மோசமாகப் போகவில்லை.

இனி படுக்கை விரிப்பு. கால்மாட்டில் மஞ்சள் கறை. பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கறையில் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டால் போய்விட்டதுபோலத் தெரியும். இஸ்திரிப் பெட்டியை வைத்தவுடன் பால் பொங்கி அடுப்பில் தீய்ந்த வாடை கிளம்பும். பழைய காலுறை போட்டுப் படுக்கலாம் என்கிறார்கள். சென்னையில், மே மாதத்தில், காலுறை! சொன்னவர் குளிர்சாதன அறைக்காரராகத்தான் இருக்க வேண்டும். துண்டு விரித்துப் பார்த்தேன்; நடு இரவில் அது எங்கோ சுருண்டு கிடக்கும், கால் விரிப்பின்மேல் இருக்கும். வீட்டில் இதனால் நடந்த வாக்குவாதங்களைக் கணக்கில் சேர்த்தால், தைலம் தந்த மன அமைதியில் மிச்சம் அதிகமில்லை.

மன அழுத்தத்தை வேரோடு நீக்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். எனக்குத் தைலம் எழுதிக்கொடுத்த வைத்தியரே, மனநல மருத்துவர் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தூக்கமின்மையோடு அழுகையும் எதிலும் பிடிப்பின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், முதலில் போக வேண்டியது அந்த மருத்துவரிடம்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. நேற்றுத்தான் விரித்த புது வெள்ளை விரிப்பில் இரண்டு மஞ்சள் பாதங்கள் பதிந்திருக்கின்றன. அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.