பழைய டிஸ்க்கை விற்கும் முன்: எதற்கு எந்த அழிப்பு?

கானாடுகாத்தானில் ஆச்சி வீட்டு இரண்டாங்கட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையும் ஒரு லேப்டாப்பையும் காரைக்குடியில் விற்பதாக ஏற்பாடு. "எல்லாம் அழிச்சு ஃபார்மட் போட்டாச்சு தம்பி" என்றார் ஆச்சி. சந்தேகத்துக்கு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் அழித்த ஃபைல்களை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் பாகப் பத்திரத்தின் ஸ்கேன், முத்திரைத்தாளின் மடிப்புக்கோடு உட்பட, திரையில் வந்து நின்றது. ஆச்சியின் முகமே மாறிவிட்டது.

டெலீட்டும் குவிக் ஃபார்மட்டும் ஃபைல் இருக்கும் இடத்தின் குறிப்பைத்தான் எடுக்கின்றன. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை அழிக்க அதன்மேல் வேறொன்றை எழுத வேண்டும். 1996-ல் பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர் சொன்ன, 35 முறை மேலே எழுதும் கணக்கை இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கானது. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒருமுறை எழுதினாலே பொதுவாகப் போதும் என்கிறது. நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் 1 டி.பி. டிஸ்க்குக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதையே 35 முறை என்றால் நான்கு நாள். வீண்.

டிபேன் என்ற அழிப்பு மென்பொருள் முழு டிஸ்க்கையும் துடைக்கும். மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். விஸ்டா முதல் விண்டோஸின் முழு ஃபார்மட்டே பூஜ்ஜியங்களை எழுதிவிடுகிறது. 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டால் போதும். என் ஓட்டு இதற்குத்தான்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் இதையெல்லாம் நம்பக்கூடாது. சிப்பிலுள்ள நினைவகச் செல்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, நாம் மேலே எழுதுவதாக நினைப்பதை அது வேறு செல்லில் எழுதும். பழையது எங்கோ தங்கிவிடலாம். அதற்கு, டிஸ்க்கே தன்னை முழுக்க அழித்துக்கொள்ளும் செக்யூர் இரேஸ் கட்டளைதான் சரி. கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பிலோ டிஸ்க் தயாரிப்பாளரின் மென்பொருளிலோ கிடைக்கும். பெரும்பாலும் சில நிமிட வேலை. டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரும் நல்ல துணை. ஆனால் வாங்கிய அன்றே போட வேண்டும், 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல். பிறகு போட்டால், முன்பு பூட்டில்லாமல் எழுதியது செல்களில் மிஞ்சியிருக்கலாம். உயிரில்லாத டிஸ்க் என்றால் உடைப்பதுதான் வழி, எஸ்.எஸ்.டி.யில் ஒவ்வொரு சிப்பும் நொறுங்க வேண்டும்.

ஆச்சியின் ஹார்ட் டிஸ்க்குக்கு இரவோடு இரவாக முழு ஃபார்மட், லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி.க்கு பயாஸ் வழி செக்யூர் இரேஸ். மறுபடி தேடியதில் இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. கூட இருந்த பென்டிரைவில் பெரும்பாலும் அந்தக் கட்டளையே இருக்காது. அதை மட்டும் விற்க வேண்டாம் என்றேன். ஆச்சி அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.