வவுச்சரை நம்பி கேப் டவுன் போன கதை: ரோடு ட்ரிப் திட்டம் போடுகிறவர்கள் கவனத்துக்கு

ஈஸ்டர் லீவுக்கு கேப் டவுன் பக்கம் காரில் போகலாம் என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னிடம் வழி கேட்டுவிட்டன. மூன்று இடத்திலும் ஒரே புலம்பலைப் புலம்பி எனக்கே அலுத்துவிட்டதால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன். என்னை ஏமாற்றிய டூர் ஏஜென்டின் பெயரைக் கேட்காதீர்கள். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ரண்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். போன நவம்பரில் மயிலாடுதுறையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். பார்க்க வேண்டிய இடங்களை ஊரிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முதல் வரி பிராம்ஃபோன்டெய்ன் இடுகாடு, தில்லையாடி வள்ளியம்மை. தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் வள்ளியம்மை பிறந்தது இந்த ஜோகன்னஸ்பர்க்கில். காந்தியின் போராட்டத்தில் சிறைபோய், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் நோய் கண்டு, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது பதினாறு வயது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அங்கே போய்விட்டோம். நோட்டின் கடைசி வரி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டது, ராபன் தீவு. மண்டேலா 27 வருடச் சிறைவாசத்தில் 18 வருடம் இருந்த இடம். அதை அப்பாவுக்குக் காட்டுவதற்காகத்தான் மொத்தப் பயணமுமே.

திட்டம் இதுதான். என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பன், அங்கிருந்து கடற்கரையை ஒட்டி என்2 பிடித்து கேப் டவுன், திரும்பும்போது கரூ வறண்ட நிலம் வழியாக என்1. போக ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர், வர 1,400. ஆறு பேர், பன்னிரண்டு ராத்திரி. இங்கே டிசம்பர்தான் கோடைக்காலமும் பள்ளி விடுமுறையும். 16ஆம் தேதி விடுமுறை வந்ததும் ஜோகன்னஸ்பர்க்கில் பாதிப் பேர் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு ஆபீஸில் வருடக் கடைசி வேலை கழுத்தை நெரித்தது. அப்போதுதான் நம் ஊர்க்காரர் ஒருவர், டூர் ஏற்பாடு செய்கிறவர், கோவிலில் அறிமுகமானார். "அண்ணா, நீங்க வண்டியில ஏறி உக்காந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். வண்டி, தங்குமிடம், ராபன் தீவு டிக்கெட் எல்லாம் சேர்த்து 78,500 ரேண்ட். கார்டில் கட்டினால் ஐந்து சதவீதம் கூடுதல், இஎஃப்டி, அதாவது வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பினால் இல்லை. நம் புத்தி அந்த ஐந்து சதவீதத்தைத்தானே பார்க்கும்.

இப்போது யோசித்தால், அவர் அனுப்பிய பயண அட்டவணையிலேயே எல்லாம் இருந்திருக்கிறது. டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டனுக்கு ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தார். அது 650 கிலோமீட்டருக்கு மேல். கோக்ஸ்டாட் தாண்டினால் மலை வளைவு, லாரி, குழி, ரோட்டில் படுத்திருக்கும் மாடு, குறுக்கே ஓடும் ஆடு. அந்தப் பக்கம் இருட்டிய பிறகு ஓட்டாதே என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்பது மணி நேரம் பிடித்தது. கேப் டவுனிலிருந்து திரும்பும் 1,400 கிலோமீட்டரை ஒரே நாளில், ஒரே டிரைவர், வயதானவர்களோடு! அந்த ரோட்டில் ஒரு நாளாவது ஸ்டியரிங் பிடித்த ஆள் அப்படி எழுதமாட்டார். நான் படித்தேன், "கொஞ்சம் டைட்டா இருக்கே" என்று நினைத்தேன், பணத்தை அனுப்பினேன்.

பணம் போன கணக்கு கம்பெனி பெயரில் இல்லை. "கம்பெனி கணக்கு மாறிக்கிட்டிருக்கு அண்ணா" என்று ஒரு தனிநபர் கணக்கைக் கொடுத்தார். நான் பயனாளி பெயரில் கம்பெனி பெயரைத் தட்டியதால் ரசீதிலும் அதே பெயர் வந்தது, நானும் திருப்தியாகிவிட்டேன். இங்கே இஎஃப்டியில் நாம் அடிக்கிற பெயருக்கு மதிப்பே இல்லை, பணம் போவது எண்ணைப் பார்த்துத்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். கணக்கு யாருடையது என்று முன்கூட்டியே சரிபார்க்கும் வசதி பல வங்கிகளில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

சரி, பயணத்துக்கு வருவோம். முதல் நாளே வண்டி உதைத்தது. ஏழு சீட்டு என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் மூன்றாவது வரிசையை விரித்தால் பின்னால் குக்கர் வைக்கக்கூட இடமில்லாத ஏழு சீட்டு. அம்மா மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பை. வாடகைக் கவுன்டரில் என் கிரெடிட் கார்டில் 15,000 ரேண்டை டெபாசிட்டாகப் பிடித்து வைத்தார்கள். அதைப் பற்றி ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பில்லில் "முழு இன்சூரன்ஸ்" என்று எழுதியிருந்தார். வாடகை ஒப்பந்தத்திலோ சாதாரண கவர்தான். கண்ணாடி, டயர், ரிம், வண்டியின் அடிப்பகுதி எதுவும் அதில் சேராது. எங்களுக்குப் போனது சரியாக அதேதான். மவுன்ட் ஃப்ரெயர் பக்கம் ஒரு குழியில் டயர், அதற்கு முன்னால் லாரியிலிருந்து தெறித்த கல்லில் கண்ணாடி. இரண்டுக்கும் சேர்த்து 7,200, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் "கையாளும் கட்டணம்" வேறு. வாடகைக் கம்பெனியை நான் குறை சொல்லமாட்டேன், எல்லாம் ஒப்பந்தத்தில் அச்சடித்திருந்தது. பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது பதினோரு பக்கம் படிக்க யாருக்குப் பொறுமை? எங்கள் பக்கமே இருந்த கடை, முந்தின நாள் போய்க் கேட்டிருக்கலாம்.

நல்லதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் ஏமாந்தோம். டர்பன் அறை அருமை, ஈஸ்ட் லண்டன் அறையும் குறை சொல்ல முடியாது. வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில், 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை இறக்கிவிட்ட இடத்தில், அப்பா அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். டர்பனில் பன்னி சவ் வாங்கினோம். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவதைப் பார்த்து அம்மா, "தட்டு கழுவச் சோம்பேறித்தனம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். அடோ யானைப் பூங்காவில் யானைக்கூட்டம் வண்டிக்கு முன்னாலேயே ரோட்டைக் கடந்தது. ட்சிட்சிகாமாவில் ஸ்டார்ம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தொங்கு பாலம் 77 மீட்டர், பிள்ளைகள் நாலு தடவை போய்வந்தார்கள். "பாத்தீங்களா, ஆள் பரவாயில்ல" என்று என் மனைவியிடம் நானே சொன்னேன். முன்பகுதியில் இருக்கும் அறைகளுக்கு மட்டும் உண்மையாகவே பணம் கட்டிவிட்டு, அந்தத் தைரியத்தில் நம்மைக் கடைசி வரை இழுத்துப் போகிற வித்தை அது.

நைஸ்னாவில் மூன்று ராத்திரிக்கு ஏரியைப் பார்த்த தனி வீடு, 13,500 ரேண்ட். சாயங்காலம் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். முகவரி சரி, வீடு சரி, படத்தில் இருந்த நீல நிற வாசற்கதவுகூட அப்படியே. கதவைத் திறந்த வெள்ளைக்கார அம்மாள் எங்கள் தாளைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "இந்த மாதத்தில் நீங்கள் இரண்டாவது குடும்பம்" என்றார். அந்த வீட்டை அவர் வாடகைக்கு விடுவதே இல்லை. சில வருடம் முன்பு விற்கலாம் என்று விளம்பரம் போட்டபோது எடுத்த படங்கள் அவை. அவற்றை எடுத்து யாரோ சுற்றில் விட்டிருக்கிறார்கள். படத்தை இணையத்தில் போட்டுத் தேடியிருந்தால் அந்தப் பழைய விற்பனை விளம்பரம் முதல் வரியிலேயே வந்திருக்கும். அன்று ராத்திரி நானே தேடிப் பார்த்தேன், வந்தது.

ஏஜென்டுக்குப் போன் போட்டால் முதலில் எடுக்கவில்லை. பிறகு ஒரு குரல் செய்தி: "சப்ளையர் என்னை ஏமாத்திட்டான் அண்ணா, காலையில முடிச்சிடறேன்." காலை என்பது அவர் அகராதியில் எப்போது என்று தெரியவில்லை. நைஸ்னாவில் ஒரு அறைகூட இல்லை. அந்த அம்மாள்தான் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுப் பாலும் ரொட்டியும் கொடுத்துவிட்டு, தன் சர்ச் ஆட்களுக்கெல்லாம் போன் செய்து, செட்ஜ்ஃபீல்டில் ஒரு விருந்தினர் இல்லத்தில் இரண்டு அறை பிடித்துக் கொடுத்தார். மூன்று ராத்திரிக்கு 17,700. இந்த முறை கார்டில் கட்டினேன்.

அத்தனைக்கும் பிறகாவது ராபன் தீவு டிக்கெட்டைச் சரிபார்த்திருக்கவேண்டும் இல்லையா? பார்த்தேன், வேறு எப்படி, பிடிஎஃபைத் திறந்து பார்த்தேன். எண் இருந்தது, பார்கோடு இருந்தது, எங்கள் ஆறு பேர், தேதி, நேரம் எல்லாம் இருந்தன. அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை.

கேப் டவுன் வாட்டர்ஃபிரண்டில் நெல்சன் மண்டேலா கேட்வே என்ற கட்டடத்திலிருந்துதான் படகு. போய்வர மூன்றரை மணி நேரம், தீவில் பஸ், அப்புறம் சிறைக்குள்ளே பழைய அரசியல் கைதி ஒருவரே வழிகாட்டி. அப்பா அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வாசலில் பார்கோடு வேலை செய்யவில்லை. கவுன்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஏப்ரலில் போய்வந்துவிட்ட இரண்டு பேருடைய எண் என்றார். யாருடைய பழைய டிக்கெட்டையோ எடுத்து, தேதியையும் ஆள் கணக்கையும் மாற்றி ஒட்டியிருக்கிறார். அடுத்த டிக்கெட் ஜனவரியில்தான். அந்தப் பெண் மேலாளரைக் கூப்பிட்டார், காத்திருப்போர் வரிசையில் நிற்கச் சொன்னார்கள், நின்றோம். படகு போனது.

மறுநாள் எல்லாரையும் ப்ளூபெர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து தீவு ஏழு கிலோமீட்டர், வெறும் கண்ணுக்கே தெரியும். "நீச்சல் தெரிஞ்சவன் வந்துடலாம் போலிருக்கே" என்றார் அப்பா. பந்தயம் வைத்தே நீந்துகிறார்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, போனை என்னிடம் கொடுத்துத் தீவு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரு தீவாவது காட்டவேண்டுமே என்று ஹவுட் பேயில் படகுத்துறையிலேயே பணம் கட்டி, கடல்நாய்கள் கிடக்கிற டைக்கர் தீவுக்குப் போனோம். இறங்க விடமாட்டார்கள், சுற்றிக் காட்டுவார்கள். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தக் கருவாட்டு நாத்தத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார். பிள்ளைகளுக்குப் பயணத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

ராபன் தீவு டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்கலாம், நடுவில் ஆள் தேவையே இல்லை. டிசம்பருக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே வாங்கவேண்டும். இன்னொன்று, கோடையில் தென்கிழக்குக் காற்று வீசினால் உண்மையான டிக்கெட் வைத்திருந்தாலும் படகை ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே கேப் டவுனில் முதல் நாளுக்கே போட்டுக்கொள்ளுங்கள், ரத்தானாலும் கையில் நாள் இருக்கும். வீடு, அறை எதுவானாலும் ஏஜென்ட் கொடுக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள். அந்த இடத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, பணம் வந்துவிட்டதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏஜென்டின் பில்லில் சாட்சா என்ற சுற்றுலா நிறுவனங்களின் சங்கத்து முத்திரை பளபளவென்று இருந்தது. திரும்பி வந்தபிறகு சங்கத்தைக் கேட்டேன், அப்படி ஓர் உறுப்பினரே இல்லை என்றார்கள்.

வந்த கையோடு வங்கியின் மோசடிப் பிரிவுக்குச் சொன்னேன். இஎஃப்டி போய்ச் சேர்ந்துவிட்டால் வாங்கினவர் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால் எதிர்த்து மனு போட்டிருக்கலாமாம். அந்த ஐந்து சதவீதம் இப்போது ஞாபகம் வருகிறது. போலீஸில் கேஸ் நம்பர் வாங்கிவைத்திருக்கிறேன். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் நல்ல ஏற்பாடு. வக்கீல் வைக்கவும் கூடாது, வைக்கவும் தேவையில்லை, 20,000 ரேண்ட் வரை கேட்கலாம். முதலில் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்கவேண்டும். கடிதம் போன மூன்றாம் நாள் அவரிடமிருந்து 3,000 வந்தது, "மனிதாபிமான அடிப்படையில்" என்ற செய்தியோடு. செட்ஜ்ஃபீல்ட் 17,700, டிக்கெட்டுக்கென்று வாங்கிய 4,800, அதில் அந்த மனிதாபிமானத்தைக் கழித்தால் 19,500. அதைத்தான் கேட்டிருக்கிறேன். டயரையும் கண்ணாடியையும் விட்டுவிட்டேன்.

கோவிலில் அவரை இன்னும் பார்க்கிறேன். போன வெள்ளிக்கிழமை பிரசாத வரிசையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்று, புதிதாக வந்த ஒரு குடும்பத்திடம் ஈஸ்டர் பேக்கேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர்களை வெளியே செருப்பு விடுகிற இடத்தில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அட்வான்ஸ் ஏற்கெனவே கட்டிவிட்டார்களாம். இஎஃப்டியில்.

விசாரணை மார்ச் மாதம். அம்மாவும் அப்பாவும் போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நோட்டை அப்பா இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், ராபன் தீவு வரிக்கு மட்டும் டிக் அடிக்காமல்.