கார்க்கா, திருகுமூடியா, பிளாஸ்டிக்கா?

ஒயின் பாட்டிலை அடைக்க இன்று முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: கார்க், அலுமினியத் திருகுமூடி, பிளாஸ்டிக் அடைப்பான். பாட்டிலை மட்டும் பார்த்தால் ஒரு விடை வரும். கார்க் என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை; அந்த மரத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறு விடை வரும்.

முதலில் பாட்டில். கார்க்கின் பெரிய எதிரி டிசிஏ என்ற வேதிப்பொருள். குளோரின் கலந்த சேர்மங்களைப் பூஞ்சை மாற்றும்போது இது உருவாகிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். இதில் வெறுத்துப்போய்த்தான் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் (ஒரு வகை வெள்ளை ஒயின்) தயாரிப்பாளர்கள் பலர் 2000-இல் ஒன்றாகத் திருகுமூடிக்குத் தாவினார்கள். அடுத்த ஆண்டு நியூசிலாந்திலும் அதற்கென ஓர் இயக்கமே தொடங்கியது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பிறகு கார்க் தொழிலும் சும்மா இருக்கவில்லை. குளோரின் வெளுப்பு போனது, நீராவிச் சுத்தம் வந்தது, விலை உயர்ந்த கார்க்குகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதும் வந்துவிட்டது.

பிளாஸ்டிக்கில் டிசிஏ தொல்லை இல்லை. ஆனால் பலவற்றில் காற்று மெல்ல உள்ளே கசியும் என்பதால் பல ஆண்டு வைத்திருக்கும் ஒயினுக்கு ஆகாது. கார்க்கின் அழகும் இல்லை, திருகுமூடியின் வசதியும் இல்லை. என் பட்டியலில் அதற்குக் கடைசி இடம்.

கார்க் இத்தனை நூற்றாண்டு நிலைத்ததற்குக் காரணம் அதன் உள்கட்டமைப்பு. 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்த குட்டி அறைகள் இந்தக் கார்க்கில் இருந்தவைதான். ஒரு கன சென்டிமீட்டரில் அவை ஏறக்குறைய 4 கோடி. ஒவ்வொன்றிலும் காற்று, சுவர்களில் சூபரின் என்ற, நீரை விடாத மெழுகு போன்ற பொருள். ரப்பரை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும். கார்க் பெரிதாகப் பிதுங்காது. அதனால் குறுகிய கழுத்துக்குள் நுழையும், நுழைந்ததும் விரிந்து இறுக்கும். ரோமானியர்கள் இதை ஜாடி மூடியாகவும் மீன்வலை மிதவையாகவும் செருப்படியாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இனி மரம். உலகக் கார்க்கில் பாதியளவு போர்ச்சுகலில் விளைகிறது. கார்க் ஓக் மரத்துக்கு 25 வயதானதும் முதல் உரிப்பு. பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. முதல் இரண்டு உரிப்பிலும் பட்டை கரடுமுரடாக இருக்கும், பாட்டிலுக்கு உதவாது. மூன்றாவதுதான் தேறும். அப்போது மரத்துக்கு 40 தாண்டியிருக்கும்! மரத்தை வெட்டுவதே இல்லை. கோடாரியால் பட்டையை மட்டும் கழற்றி, உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் எழுதிவைப்பார்கள். 1783-இல் நட்டதாகச் சொல்லப்படும் ‘விசிலர்’ மரம் இன்னும் நிற்கிறது.

இந்தக் காடுகளுக்குப் பெரும் வருமானம் பாட்டில் கார்க்கில்தான். தரையில் பதிக்கும் கார்க் ஓடுகளும் சுவர் அட்டைகளும் பெரும்பாலும் மிச்சத்தில் செய்பவை. அவற்றை மட்டும் நம்பி யாரும் 40 ஆண்டு காத்திருக்க மாட்டார்கள். இங்கேதான் திருகுமூடி தோற்கிறது. அலுமினியத்தை உருக்கி எடுக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். மறுசுழற்சி செய்யலாம், சரி. ஆனால் சின்ன மூடிகள் தரம்பிரிக்கும்போது எளிதில் நழுவிவிடுகின்றன.

பாட்டிலுக்கு வெளியே கார்க் சந்திக்கும் மற்ற போட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெப்பக் காப்பில் தெர்மாகோல் மலிவு, கொஞ்சம் திறமையும் கூட. ஆனால் கார்க் அட்டை பசை இல்லாமல், நீராவிச் சூட்டில் தன் பிசினாலேயே ஒட்டிக்கொள்வது. தீயில் உருகிச் சொட்டாமல் மெல்லக் கருகும். ராக்கெட் வெப்பக் கவசத்தில் அதற்கு இடம் கிடைத்தது இந்தக் குணத்தால்தான். உயிர்காப்பு அங்கியில் மட்டும் கார்க் சுத்தமாகத் தோற்றுவிட்டது: உயரத்திலிருந்து குதித்தால் அந்தக் கெட்டிக் கட்டைகள் மோவாயில் மோதும்.

அப்புறம், எதை வாங்குவது? சீக்கிரம் குடித்துவிடும் வெள்ளை ஒயினுக்குத் திருகுமூடி போதும், அதில் குற்ற உணர்வு தேவையில்லை. வைத்துக் குடிப்பதற்கும், விலை ஒன்றாக இருக்கும் எதற்கும் என் ஓட்டு கார்க்குக்கு. அதிலும் முழுப்பட்டையில் குடைந்த ஒற்றைத் துண்டுக்கே. தூளைப் பசையால் ஒட்டிய கார்க் அடுத்தபடிதான்.